வெள்ளிக்கிழமை வெட்ட வேண்டிய ரிப்பன்

இலங்கைக்கு வந்து மாத்தளை பஸ் நிலையத்தில் நான் முதலில் சாப்பிட்டது உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டுகள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கத்தியைக் கழுவியிருப்பார்களா என்று யோசித்தேன். இரண்டரை வயது மகளைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்தவள், வந்த அன்றைக்கே வயிற்றைக் கெடுத்துக்கொள்வது முறையல்ல. பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். அதை விழுங்கும் தண்ணீர் எப்படிப்பட்டதோ என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்தேன்.

நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்க்கிறேன். கணக்கோ தமிழோ அறிவியலோ, எந்தப் பாடம் நடத்துகிறவரும் அந்தப் பாடத்துக்குள்ளேயே கணினி அறிவைச் சேர்த்து நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்போம். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நன்கொடைக் குழு டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தது. அவற்றை வைத்துப் பாடம் நடத்த அங்குள்ள ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. அலுவலகத்தில் கேட்டபோது "போறேன்" என்று சொன்னவள் நான்தான். வீட்டுக்கு வந்து கணவர் பிரபுவிடம் "போகச் சொல்லிட்டாங்க" என்று சொன்னவளும் நான்தான்.

திங்கட்கிழமை காலை ரத்தோட்டையிலிருந்து மேலே ஏறிய பஸ்ஸில், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவில் எதிரே இன்னொரு பஸ் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து அங்கே பாதை இல்லை. எங்கள் பஸ் பின்னால் போகத் தொடங்கியது. கண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் வயிற்றைத் தட்டியபடி சிங்களத்தில் ஏதோ கத்தினார். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"மலைப் பக்கமா சாயச் சொல்றாரு."

"சாஞ்சா பஸ் விழாதா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க. சாஞ்சா மனசுக்கு நல்லம்."

நானும் சாய்ந்தேன். அந்தப் பெண்தான் ஜெனிபர் டீச்சர். நான் போகிற பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறவர். சொந்த ஊர் வஹகோட்டை. சனி, ஞாயிறு அங்கே போய்ச் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் ரத்தோட்டையில், எனக்குக் கொடுத்திருந்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் குடியிருக்கிறார். இதெல்லாம் பஸ் பின்னால் போய் முடிவதற்குள் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் தேயிலைச் சரிவில் ஒரு நீளக் கட்டடம். அதிபர் மாணிக்கம் சேர் (இங்கே தலைமையாசிரியர் என்றால் அதிபர், சார் என்றால் சேர்) வாசலுக்கே வந்து வரவேற்றார். அவருடைய அறை மேசையில் பெரிய பெட்டி ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். மேலே பூப்போல ஒரு முடிச்சு.

"டேப்லெட் எல்லாம் இதுலதான் மிஸ் இருக்கு. புரொஜெக்டரும் இருக்கு."

"அப்ப எடுத்துடலாமா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "திறப்பு விழா இன்னும் நடக்கலையே மிஸ்."

விழா அன்று காலையே நடப்பதாக இருந்ததாம். நன்கொடைக் குழுவின் தலைவர் கொழும்பிலிருந்து வந்து ரிப்பன் வெட்டுவார், அதன் பிறகு நான் பயிற்சியைத் தொடங்குவேன். தலைவருக்கு வேறு வேலை வந்து, வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார். பயிற்சியை யாரும் மாற்றவில்லை. அதுவும் வெள்ளிக்கிழமைதான் முடிகிறது.

"விழா வரைக்கும் தொடக்கூடாதா சார்?"

"முன்னுக்கு ஒருத்தர் போட்டோ கொப்பி மெஷின் ஒண்ணு தந்தாரு. ஒரே ஒரு பேப்பர் எடுத்துப் பார்த்தோம், வேலை செய்யுதான்னு. அவரு விழாவுக்கு வந்து மையப் பார்த்துட்டாரு. கை பட்ட சாமானத் திறக்குறதுக்கா என்னைக் கூப்பிட்டீங்கன்னு கேட்டாரு. அதுக்குப் பிறகு அந்த மனுசன் இந்தப் பக்கமே வரல."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் திரையில் சந்தனம் வைப்பார்கள். அதைத் துடைப்பதா வேண்டாமா என்று ஒரு முறை அரை நாள் நானே யோசித்திருக்கிறேன்.

ஆகவே முதல் நாள், டேப்லெட்டைப் பற்றி நான் தயாரித்து வந்த படங்களை, புரொஜெக்டர் இல்லாமல், வாயால் சொன்னேன். "இப்போது திரையில் ஒரு நீலக் கட்டம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்." ஆசிரியர்கள் வைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ரிஸானா டீச்சர் மட்டும் கையைத் தூக்கினார். அவர் விஞ்ஞானம் எடுக்கிறவர், மாத்தளை டவுன்காரர்.

"மிஸ், எனக்குப் பச்சையாத் தெரியுது. பரவாயில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். திருச்சிக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. மத்தியானம் ரிஸானா டீச்சர் தன் சாப்பாட்டுப் பார்சலை என் பக்கம் தள்ளினார். "சோறு ஈக்கி, பலாக்காக் கறி ஈக்கி. மனச விடாதீங்க மிஸ்." அவர் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி. பலாக்காயில் இறைச்சியின் நார் வரும்படி எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். அது ஒரு நல்ல கேள்வி என்று அவர் நினைத்தார். அந்த நாளில் நான் கேட்ட ஒரே நல்ல கேள்வியும் அதுதான்.

அன்று மாலை வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். திரையில் பிரபுவும் எங்கள் மின்விசிறியும் தெரிந்தார்கள். மகள் தியா தெரியவில்லை.

"எங்க அவ?"

"போனுக்குப் பின்னால இருக்கா. நீ அங்க இருக்கியான்னு தேடுறா."

செவ்வாய்க்கிழமை கடையில் பிஸ்கட் வரும் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தோம். அவற்றை டேப்லெட் அளவில் வெட்டி, என் போன் திரையைப் பார்த்து மேலே படங்கள் வரைந்தோம். அட்டை டேப்லெட் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் இந்த மலையில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பது. ஆகவே அவர்கள் சொல்கிறபடி காட்போட் என்றே சொல்கிறேன்.

ஜெனிபர் டீச்சர் அதைத் தன் நாலாம் வகுப்புக்கு எடுத்துப் போனார். நான் பின்னால் வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கே பெஞ்சுக்கு வாங்கு என்று பெயர். பாடம் சுற்றாடல், எங்கள் ஊரில் சூழ்நிலையியல்: காலையில் பள்ளிக்கூடம் வரும் வழியில் எதை எதைப் பார்த்தீர்கள்? குரங்கு, அட்டை, பஸ், நாய் என்று நான்கு படங்கள். பார்த்ததைத் தொட வேண்டும். ஒரு குழந்தை குரங்கைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தது.

"டீச்சர், தொட்டும் ஒண்ணும் நடக்கலையே."

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. ஜெனிபர் டீச்சர் கொஞ்ச நேரம் காட்போட்டையே பார்த்தார். பிறகு முன்வாங்கிலிருந்து தர்ஷிகா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, காட்போட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார். அவள் கையில் ஒரு சிரட்டை நிறையக் கோப்பிக் கொட்டை, எதிரே தரையில் படத்துக்கு ஒன்றாக நாலு சோக்குக் கோடுகள்.

"நீதான் உள்ளுக்கு இருக்குற ஆள். அவ குரங்கைத் தொட்டா நீ என்ன செய்யணும்?"

"குரங்குக் கோட்டுல ஒரு கொட்டை வைக்கணும்."

"ரெண்டு தரம் தொட்டா?"

"ரெண்டு வைக்கணும். சும்மா தடவுனா வைக்க மாட்டேன்."

நாலு கோடுகளில் கொட்டைகள் உயர்ந்தன. அது ஒரு வரைபடம் ஆயிற்று. அட்டைதான் ஜெயித்தது. புதன்கிழமைக்குள் ஒவ்வொரு காட்போட்டுக்கும் உள்ளே ஓர் ஆள் இருந்தது, அந்த வேலைக்குச் சண்டையும் இருந்தது. உள்ளே இருப்பவர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும், நினைத்ததைச் செய்யக் கூடாது என்று அவர்களே சட்டம் போட்டார்கள். நான் இரண்டு மணி நேரம் நடத்தும் பாடம் அது. இது முறைப்படி சரியா என்று என் குறிப்புகளில் தேடினேன். காட்போட்டைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை பிற்பகல் அதிபருக்குத் தலைவரிடமிருந்து போன் வந்தது. அதிபர் போனை வைத்துவிட்டு எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம ஸ்கூல்ல ஒரே ஒரு பிளக்தான் இருக்குன்னு யாரோ அவங்ககிட்ட சொல்லிட்டாங்க. சிக்னலும் இல்லைன்னு. கமிட்டியில உள்ளவங்க டவுன் ஸ்கூல் ஒண்ணுக்குக் குடுத்துருவோம்ங்குறாங்களாம். வெள்ளிக்கிழமை ஒரு பாடத்தப் பார்த்துட்டு முடிவு சொல்றாராம்."

ஜெனிபர் டீச்சர் உடனே சொன்னார், "நான் எடுக்குறேன் சேர்."

மாலை பஸ்ஸில் மலை இறங்கும்போது, ஏன் உடனே ஒப்புக்கொண்டார் என்று ஜெனிபர் டீச்சரிடம் கேட்டேன். தர்ஷிகாவின் அக்காவும் அவரிடம் படித்த பிள்ளைதானாம். ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் அறையில் மௌஸைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"அதைத் திருப்பி அடியில பார்த்திருக்கா. எங்க இருந்து வேலை செய்யுதுன்னு. வகுப்பே சிரிச்சிருக்கு. கொஞ்ச நாள்ல போறத நிறுத்திட்டா. இப்ப கொழும்புல துணிக்கடையில நிக்கிறா." ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். "தர்ஷிகாவும் அப்படித்தான் மிஸ். எதைக் குடுத்தாலும் திருப்பித்தான் பார்ப்பா."

வியாழக்கிழமை முழுதும் எனக்கு ஒரே கவலை. அந்தப் பெட்டிக்குள் இருப்பதில் சார்ஜ் இருக்குமா? அதிபரிடம் கேட்டேன்.

"திறக்காம சார்ஜ் போட ஏலுமா மிஸ்?"

"முடியாது சார்."

"அப்ப என்ன செய்ய?"

"புதுசுல பாதி சார்ஜ் இருக்கும்" என்றேன், மிகவும் உறுதியாக. அதற்குப் பிறகுதான் பெட்டி எப்போது வந்தது என்று கேட்டேன். போன வருஷம் என்றார்.

வெள்ளிக்கிழமை தலைவர் வேனில் வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல், சிங்களம் மட்டும். ரிஸானா டீச்சர் அவருக்கும் எங்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தார். வெற்றிலை கொடுத்தோம், விளக்கேற்றினோம், ஒரு வரவேற்பு நடனம் நடந்தது. தலைவர் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினோம். அதிபர் ஒரு டேப்லெட்டை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார். தலைவர் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. இன்னொன்று எடுத்தோம். அதுவும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாதி இருக்கும்னு சொன்னீங்களே மிஸ்" என்றார் அதிபர், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெனிபர் டீச்சர் காத்திருக்கவில்லை. காட்போட்டுகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனார். தலைவரையும் பின்னால் அழைத்துப் போனோம். பாடம் நன்றாகவே போனது. பிள்ளைகள் தொட்டார்கள், உள்ளே இருந்தவர்கள் கொட்டை வைத்தார்கள், எண்ணினார்கள், பிழை பிடித்தார்கள். தலைவர் முகம் மலர்ந்தது. முடிந்ததும் நீளமாக ஏதோ சொன்னார். ரிஸானா டீச்சர் கேட்டு முடித்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாடம் மிச்சம் நல்லா இருக்காம், ரொம்ப நல்லா. அவரு இப்படிப் பார்த்ததே இல்லையாம்."

"அப்புறம்?"

"இது இல்லாமலே இவ்வளவு நல்லாப் படிக்கிறாங்களே, அப்ப இது இங்க எதுக்குங்குறாரு. தேவையான ஸ்கூலுக்குக் குடுப்பமாம்."

தலைவர் எங்களைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். பாராட்டியதற்கு நாங்கள் நன்றி சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பார். பெட்டியை வேனில் ஏற்றச் சொல்லி ஓட்டுநருக்குச் சைகை காட்டினார்.

ரிஸானா டீச்சர் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். இதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை, ஆனாலும் புரிந்தது. சாப்பிடாமல் போவதா என்று கேட்கிறார். விடியற்காலையிலிருந்து சமைத்தோம் என்கிறார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரிஸானா டீச்சர் ஒரு பாத்திரத்தின் மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே வட்டிலப்பம் என்கிற இனிப்பு, மேலே முந்திரி. தலைவர் உட்கார்ந்தார்.

"மெதுவாப் பரிமாறுவேன்" என்று ரிஸானா டீச்சர் என் காதருகே சொன்னார். "நீங்க பிளக்கப் பாருங்க."

அதிபர் அறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தலைக் கழற்றிவிட்டு, அந்த ஒரே பிளக்கில் நீட்டிப்புக் கட்டையைச் செருகி, கொள்ளுகிற அளவுக்கு டேப்லெட்டுகளை மாட்டினோம். பக்கத்து வகுப்பறையில் சாப்பாடு நடந்தது. முதலில் சோறு மட்டும் போயிற்று. அது ஆறிவிட்டதென்று திரும்பி வந்து சூடாகப் போயிற்று. கறிகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் போயின. ஒவ்வொரு கறிக்கும் ரிஸானா டீச்சர் விளக்கம் சொல்லும் சத்தம் கேட்டது.

ஒரு டேப்லெட் கண் விழித்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பிறகு இணையம் கேட்டது. இதையும் நான் யோசித்திருக்க வேண்டும். என் போனில் சிக்னல் வரும் இடம் ஜன்னல் ஓரத்தில் ஒரு சாண் அளவு. போனை அங்கே நிறுத்தி வைத்து, அதன் இணையத்தை டேப்லெட்டுக்குக் கொடுத்தேன். சரியாக அப்போது பிரபு வீடியோவில் அழைத்தார். எடுத்தால் இணையம் அறுந்துவிடுமோ என்று பயந்து துண்டித்தேன். தியாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அடுத்த நொடி பயந்தேன். "அவசரமா?" என்று எழுதி அனுப்பினேன். "இல்ல. மதியம் என்ன சமைக்கறதுன்னு கேக்க" என்று பதில் வந்தது. சாம்பார் என்று எழுதினேன்.

வட்டிலப்பம் போகும்போது இரண்டு டேப்லெட் தயாராக இருந்தன. அவசர அவசரமாக விரிதாளில் குரங்கு, அட்டை, பஸ், நாய் என்று எழுதி, வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஜெனிபர் டீச்சர் தலைவரிடம் போய், ஐந்து நிமிஷம் மட்டும் பாருங்கள் சேர் என்றார். வயிறு நிறைந்தவர் மறுக்கவில்லை.

பிள்ளைகள் டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தர்ஷிகா எழுந்து போய், யாரும் சொல்லாமலே, அதற்குப் பின்னால் உட்கார்ந்தாள். இவளுக்கு இனி அங்கே வேலை இல்லையே என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு பிள்ளை குரங்கின் எண்ணைக் கூட்டியது.

"குரங்கு உசரும்" என்றாள் தர்ஷிகா பின்னாலிருந்து. திரையில் குரங்கு உயர்ந்தது.

"அட்டை உசரும்." அட்டை உயர்ந்தது. "பஸ் உசரும்." பஸ் உயர்ந்தது.

"நாய் உசரும்."

நாய் உயரவில்லை. பிள்ளை மறுபடி எண்ணை மாற்றியது. அசையவில்லை.

"உசரலையா?" தர்ஷிகா எட்டிப் பார்த்தாள். டேப்லெட்டைத் தூக்கித் திருப்பி, பின்பக்கத்தை ஒரு முறை பார்த்தாள். ஜெனிபர் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தர்ஷிகா அதைக் கீழே வைத்து, முன்பக்கம் வந்து, விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே போனாள். "மூணு பேருக்குத்தான் கொட்டை வைக்கச் சொல்லியிருக்காங்க டீச்சர். நாயச் சொல்லல. சொல்லாததை இது எப்படிச் செய்யும்?"

குனிந்து பார்த்தேன். வரைபடம் போடும்போது நான் கடைசி வரியை விட்டிருந்தேன்.

"யார் விட்டது?" என்று தலைவர் கேட்டதாக ரிஸானா டீச்சர் சொன்னார்.

"இந்தியாவுல இருந்து வந்த மிஸ்" என்று ரிஸானா டீச்சரே பதிலும் சொன்னார்.

தலைவர் எழுந்து வந்தார். சிரமப்பட்டுக் குனிந்து, தர்ஷிகா முதலில் உட்கார்ந்திருந்த இடத்தில் மண்டியிட்டு, டேப்லெட்டின் பின்பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். என் மகள் போனுக்குப் பின்னால் பார்ப்பது போலத்தான். பிறகு தர்ஷிகாவிடம் ஏதோ கேட்டார். அவள் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். அவர் சிரித்தார்.

"உள்ளுக்கு யார் இருக்காங்கன்னு கேட்டாரு" என்றார் ரிஸானா டீச்சர். "ஒருத்தரும் இல்ல, அதுனாலதான் நாம சரியாச் சொல்லணும்னு சொல்றா."

முடிவு உடனே வந்தது. டேப்லெட்டுகள் இங்கேயே இருக்கட்டும். ஜெனிபர் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையை அழித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தலைவர் இன்னும் முடிக்கவில்லை.

"பெறுமதியான சாமானாம். பெட்டியில போட்டு அலமாரியில பூட்டி வைக்கணுமாம். அடுத்த வருஷம் கமிட்டி வந்து பார்க்கும்போது புதுசா இருக்கணுமாம்." ரிஸானா டீச்சர் ஒரு சொல்லையும் மாற்றாமல், எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தார். "சாவியத் தானே வச்சிக்கிறாராம்."

"நல்லம் சேர்" என்றார் அதிபர்.

தலைவர் கை கழுவி, வேனருகே எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது அதிபர் அறைக்குள் போனேன். ஜெனிபர் டீச்சர் காட்போட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். டேப்லெட்டுகளும் புரொஜெக்டரும் தரையில் இருந்தன, சில டேப்லெட் வயரோடு. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதை நான் தடுக்க வேண்டுமா என்று யோசித்தேன். என் அமைப்பு என்ன சொல்லும் என்று யோசித்தேன்.

"வெயிட்டு பத்தாது மிஸ்" என்றார்.

என் பயிற்சிக் குறிப்புகளை எடுத்துக் கொடுத்தேன். நல்ல கனம். பிறகு வெட்டுப்பட்ட ரிப்பனை ஒட்டிச் சேர்த்து, மேலே பூப்போல முடிச்சும் போட்டேன். தினமும் தியாவுக்குத் தலை பின்னுகிறவள், அது எனக்கு வரும்.

அதிபர் வந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அதைப் பக்கத்து வகுப்பறை அலமாரியில் வைத்ததைத் தலைவர் வாசலில் நின்று பார்த்தார். கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை ஒரு வெற்றிலை மேல் வைத்து அவரிடம் கொடுத்தார் அதிபர். தலைவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேன் தேயிலைக்கு நடுவே இறங்கி, மூன்றாவது வளைவில் மறைந்தது. அதிபர் இன்னும் கொஞ்ச நேரம் கைகூப்பியபடியே நின்றார். பிறகு கையை இறக்கி, தன் அறை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சார்ஜ் எப்படி இருக்கு?"

உள்ளேயிருந்து தர்ஷிகாவின் குரல் வந்தது.

"ஏறிக்கிட்டு இருக்கு சேர்."